எழுந்து நிற்பது எதற்காக?

ஹேண்டலின் 'மெஸ்சையா' அரங்கேறும் மேலைநாட்டு மன்றங்கள் பலவற்றில் இன்றும் ஒரு காட்சியைக் காணலாம். 'அல்லேலூயா' என்னும் குழுப்பாடல் தொடங்கியதும், அமர்ந்திருந்த அவை எழுந்து நிற்கிறது. ஏன் எழுந்தீர் என்று கேளுங்கள்! "மன்னர் எழுந்தார்; நாமும் எழுகிறோம்" என்பதே விடை.

எந்த மன்னர்? இரண்டாம் ஜார்ஜ். எப்போது? 1743இல், இலண்டனில் அவ்விசை முதன்முதலாக ஒலித்தபோதாம். சான்று எங்கே? மன்னர் அன்று வந்திருந்தார் என்று அந்நாளைய ஏடு எதுவும் எழுதவில்லை. 1780இல் ஜேம்ஸ் பீட்டி எழுதிய மடலொன்றில்தான் இக்கதை தலைகாட்டுகிறது. அதுவும் பிறர் சொல்லக் கேட்ட செய்தி! முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து முளைத்த கதைக்கு, இரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கால்கள் வணக்கம் செலுத்துகின்றன.

வணங்கத்தக்கது அவ்விசையின் வரலாற்றில் இல்லையா? உண்டு, தோழர்களே! 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளின் நகரில் அது அரங்கேறியது. கூட்டம் மிகும் என்பதால் மாதர் அகன்ற வளையப் பாவாடையின்றியும், ஆடவர் உடைவாளின்றியும் வருமாறு வேண்டப்பட்டனர். பகட்டு ஒதுங்கியது, ஏறத்தாழ 700 பேருக்கு இடம் கிடைத்தது. திரண்ட பொருள் இரு மருத்துவமனைகளுக்கும், கடன்பட்டுச் சிறையில் வாடியோர்க்கும் பகிரப்பட்டது. 142 பேர் விடுதலை பெற்றனர்.

அன்று பாடியவர்களுள் ஒருவர் சுசன்னா சிப்பர். கணவன் தொடுத்த வழக்கால் ஊர் தூற்ற, மேடையைவிட்டு விலகியிருந்த நடிகை அவர். புறக்கணிக்கப்பட்டவனின் துயரைச் சொல்லும் பாடலை, புறக்கணிக்கப்பட்ட பெண்ணே பாடினார். அவையின் உள்ளம் உருகியது. மன்னர் கதையை மறவாத உலகம், இம்மங்கையை மறந்ததேன்?

பின்வந்தோர் இசைக்கும் முடிசூட்ட முனைந்தனர். 1859இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த ஹேண்டல் விழாவில் பாடகர் மட்டும் 2,700க்கு மேல்! ஆரவாரம் பெருகியது, குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் பின்னும் நுண்மை அதில் புதைந்தது. 1973இல் கிறிஸ்டோபர் ஹாக்வுட் நிறுவியதைப் போன்ற சிறு குழுக்கள், பழைய முறையில் நரம்பு கட்டிய கருவிகளைக் கையிலெடுத்த பிறகே அப்பின்னல் மீண்டும் தெளிவாகக் கேட்டது. பெருமை வேறு, பருமன் வேறு என்பதைச் செவிகள் உணர்ந்தன.

இனி ஹேண்டலையே வழிபடுவோமா? அதுவும் வேண்டா. அடிமை வணிகம் நடத்திய அரச ஆப்பிரிக்கக் கம்பெனியில் அவர் பங்கு வைத்திருந்ததை ஆய்வாளர் வெளிக்கொணர்ந்துள்ளனர். 142 பேரின் சிறைக்கதவைத் திறந்த இசையை ஆக்கியவர், மனிதரை விற்ற வணிகத்திலும் பணம் போட்டார். இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பவன் பக்தன். இரண்டையும் எடைபோடுபவனே திறனாய்வாளன்.

மரியாதைக்காக நிற்பதில் என்ன தீங்கு என்பர் சிலர். அறிந்து நிற்பவரைத் தடுக்க நாம் யார்? சிப்பருக்காக நில்லுங்கள், விடுதலை பெற்ற அந்த 142 பேருக்காக நில்லுங்கள். வராத மன்னருக்காக மட்டும் வேண்டா! அமர்ந்து கேட்டாலும் அவ்விசை குன்றாது. கால்கள் எழுமுன் கருத்து எழட்டும்!