மடத்தை விட்டு வந்த டீச்சர்

டோல்கேட் பிள்ளைங்க கையில் தன்னம்பிக்கைப் புத்தகங்களைத் திணிக்கிறார்கள். எல்லாம் ஜெயித்தவன் கதை. அவன் என்ன சாதி, ஃபீஸ் யார் கட்டினாங்க, பேச்சே கிடையாது. பாமாவின் 'கருக்கு'வை (1992) ஒரு வேலைக் கதையாகப் படிங்க. பாட்டிக்கு நாயக்கர் வீட்டில் வேலை. படிப்புதான் மரியாதை தரும் என்று அண்ணன் சொல்ல, பாமா படித்து டீச்சராகிறார். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாமென்று கன்னியாஸ்திரி ஆகிறார். மடத்துப் பள்ளியோ வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு, அங்கேயும் சாதி. வெளியே வருகிறார், கையில் வேலையில்லை. புத்தகம் அதை மறைக்கவில்லை. நம்ம விமர்சகர்கள் பேச்சுமொழியைப் பாராட்டிவிட்டு இந்த இடத்தைத் தாண்டிப் போனார்கள். படிச்சா வேலை, வேலைன்னா மரியாதை என்கிற கணக்கு எங்கே உதைக்குதுன்னு ஹார்பர் கூலியின் மகளுக்குத் தெரியவேண்டாமா? பாமா பிறகு உத்திரமேரூர்ப் பக்கம் மறுபடி டீச்சரானார். அது 'கருக்கு' முடிந்த பிறகு நடந்தது.