தடயம் சொல்வதும் சொல்லாததும்

அதிமனித நாயகன் வானில் பறந்தால் நாம் வினவுவதில்லை. கதைக்கும் நமக்கும் இடையே அப்படி ஓர் உடன்பாடு உண்டு. அம்புலிமாமா படித்து வளர்ந்த தலைமுறைக்கு வேதாளம் பேசியதில் ஐயம் எழுந்ததேயில்லை. ஆனால் அதே நாயகன் பறப்பதை நிறுத்திவிட்டுத் துப்பறியத் தொடங்கினால் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே திரைப்படம் மாயத்தைக் காட்டுவதாகச் சொல்லவில்லை. அறிவியலைக் காட்டுவதாகச் சொல்கிறது. ஆகவே அது நம்பத்தக்கதா என்று கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது.

இக்கேள்விக்கு ஏற்ற நாயகன் பேட்மேன். 1939-இல் அமெரிக்கச் சித்திரக்கதை இதழொன்றில் பிறந்த இவனுக்கு இயற்கையை மீறிய ஆற்றல் எதுவும் இல்லை. செல்வமும் உடற்பயிற்சியும் கூரிய அறிவுமே இவனுடைய படைக்கலன்கள். 2008-இல் கிறிஸ்டோபர் நோலன் இயக்கி வெளிவந்த ‘தி டார்க் நைட்’ படத்தில், கொலை நடந்த அறையின் சுவரில் பாய்ந்து சிதறிய தோட்டாவை அவன் செங்கல்லோடு பெயர்த்தெடுத்து வருகிறான். வேறு செங்கற்களில் தோட்டாக்களைச் சுட்டு, அவை சிதறும் விதத்தை ஒப்பிட்டு, கணினியின் துணையால் உடைந்த தோட்டாவை மீண்டும் முழுமையாக்குகிறான். அதன்மீது ஒரு கட்டைவிரல் ரேகை தெரிகிறது. ரேகையிலிருந்து பெயர், பெயரிலிருந்து முகவரி. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

காட்சி விறுவிறுப்பானது, ஆனால் நடக்கக்கூடியதன்று. கைரேகை என்பது பெரும்பாலும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் விட்டுச்செல்லும் மெல்லிய படலம். சுடப்பட்ட தோட்டா வெடிமருந்தின் வெப்பத்துக்கு உட்படுகிறது. துப்பாக்கிக் குழலின் உட்புறப் புரிவரிகளில் உராய்ந்து வெளியேறுகிறது. பின்னர் செங்கல்லில் மோதி உருக்குலைகிறது. அப்படலம் இத்தனையையும் தாண்டி நிலைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மேலும், ஒரு தோட்டா எப்படிச் சிதறியது என்பது இன்னொரு தோட்டாவின் மேற்பரப்பில் என்ன இருந்தது என்பதைச் சொல்லாது. உண்மையான ஆய்வகத்தில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. ஐயத்துக்குரிய துப்பாக்கியைத் தண்ணீர்த் தொட்டியிலோ பஞ்சுப் பெட்டியிலோ சுட்டு, தோட்டாவைச் சிதையாமல் எடுத்து, அதன் கீறல்களைச் சம்பவ இடத்துத் தோட்டாவின் கீறல்களோடு ஒப்பிடுவார்கள். அந்த 2008-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜான் பாண்ட் என்னும் அறிவியலாளர், சுடப்பட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் வியர்வை ஏற்படுத்திய அரிப்பைக் கொண்டு ரேகையை மீட்கும் முறையை வெளியிட்டார். அங்கும் ரேகை கிடைப்பது பின்தங்கும் கூட்டில்தான். பாய்ந்து செல்லும் தோட்டாவில் அன்று.

2022-இல் வெளிவந்த ‘தி பேட்மேன்’ இவ்வகையில் நம்பத்தக்க படம். கொலைக்குப் பயன்பட்ட விசித்திரமான கருவி இன்னதென்று நாயகனுக்குப் புரிவதில்லை. அது தரைவிரிப்பைப் பொருத்தும் கருவி என்று சொல்பவர் ஒரு சாதாரணக் காவலர். அவருடைய மாமா அத்தொழில் செய்பவர். கோடிக்கணக்கில் விலைபெறும் கணினி காணாததைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை கண்டுகொள்கிறார். துப்பறிதல் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

இதற்குச் சான்று தேடி நாம் கடல்கடந்து செல்ல வேண்டியதில்லை. 1991 மே 21 இரவு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவரோடு பலரும் குண்டுவெடிப்பில் மாண்டனர். குண்டு எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியவில்லை. அப்போது தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் ப. சந்திரசேகரன், சிதறிக் கிடந்த துணித் துண்டுகளையும் கம்பிகளையும் சிறு எஃகுக் குண்டுகளையும் உடற்பகுதிகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்து ஆராய்ந்தார். ஒரு பெண்ணின் தலையும் கைகால் பகுதிகளும் கிடைத்தன, நடுவுடல் கிடைக்கவில்லை. குண்டு அவள் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது என்ற முடிவு அவ்வின்மையிலிருந்து பிறந்தது. புகைப்படம் எடுக்க வந்து அங்கேயே இறந்த ஹரிபாபுவின் கேமரா மட்டும் சிதையாமல் கிடந்தது. அதிலிருந்த 10 படங்கள் அப்பெண்ணின் முகத்தையும் உடன் நின்றவர்களையும் காட்டின. மண்ணில் மண்டியிட்டுத் தேடிய கைகளின் பொறுமையே அங்கு வென்றது.

இதுவரை சொன்னது அறிவியலின் செய்தி. நான் சொல்ல விரும்பும் செய்தி இனிமேல்தான் வருகிறது. திரைப்படத் துப்பறிதலின் பெரிய பொய் தோட்டாவில் இல்லை. தடயத்திலிருந்து குற்றவாளிக்கு நேர்ச்சாலை ஒன்று உண்டு என்று காட்டுவதில்தான் இருக்கிறது. தடயம் பொருளைச் சொல்லும், கையைச் சொல்லும், சிலவேளை முகத்தையும் சொல்லும். அந்தக் கையை இயக்கிய உள்ளம் என்ன அறிந்திருந்தது என்பதை அது சொல்வதில்லை.

அவ்வழக்கின் பிற்கால வரலாறு இதற்குச் சாட்சி. 1998 சனவரி 28 அன்று பூந்தமல்லித் தனி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுள் 4 பேருக்கு மட்டுமே மரண தண்டனையை உறுதிசெய்தது. 3 பேருக்கு ஆயுள் தண்டனை அளித்தது. 19 பேரை விடுவித்தது. இடையில் திருப்பெரும்புதூரின் தடயங்கள் மாறவில்லை. ஆனால் யார் எதை அறிந்து செய்தார் என்ற கேள்வி மீண்டும் ஒருமுறை, பொறுமையாகக் கேட்கப்பட்டது. அதிமனித நாயகனின் நகரத்தில் மேல்முறையீடு கிடையாது. அங்கே அந்தப் பத்தொன்பது பேரின் கதி என்னவாகியிருக்கும்?

நான்கு பேருள் ஒருவரான பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. 9 வோல்ட் பேட்டரிகள் இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீது கூறப்பட்டவற்றுள் முதன்மையானது. அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என்று அவர் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக, அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரியே ஓய்வுபெற்ற பின், 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். 2014-இல் அவருடைய தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. குற்றவாளி என்ற தீர்ப்பு மாற்றப்படவில்லை. அவர் குற்றமற்றவரா என்று தீர்ப்பிட நான் இங்கு முற்படவில்லை. மாண்டவர்களின் குடும்பங்களுடைய கண்ணீரையும் மறக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கலாம். வெடிகுண்டில் பேட்டரி இருந்ததா என்பதை ஆய்வகம் சொல்லும். வாங்கியவர் அதை அறிந்து வாங்கினாரா என்பதை எந்தக் கணினித் திரை காட்டும்?

மாமல்லபுரத்தின் அருச்சுனன் தபசுப் பாறையை நம்முள் பலர் கண்டிருப்போம். ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்யும் துறவி ஒருவர் அதில் இருக்கிறார். அதே பாறையில் கைகளை உயர்த்தித் தவக்கோலத்தில் நிற்கும் பூனை ஒன்றும், அதைச் சுற்றி எலிகளும் உண்டு. கோலம் ஒன்றுதான், உள்ளம் வேறு. பல்லவச் சிற்பி அறிந்திருந்த இவ்வேறுபாட்டை ஹாலிவுட்டின் ஆய்வுக்கூடம் அறியவில்லை. தொடக்கநூலில் யாக்கோபிடம் கொண்டுவரப்பட்ட யோசேப்பின் அங்கியையும் எண்ணிப்பாருங்கள். அங்கி உண்மையானது, அதிலிருந்த இரத்தமும் உண்மையானது. ஆயினும் தந்தை கண்ட முடிவு பொய்யாயிற்று.

‘தி டார்க் நைட்’ அறச்சிந்தனையற்ற படம் என்று நான் சொல்லமாட்டேன். நகரத்து மக்கள் அனைவரின் தொலைபேசிகளையும் ஒட்டுக்கேட்கும் இயந்திரத்தைப் பேட்மேன் அமைக்கும்போது, அவனுடைய துணைவர் ஃபாக்ஸ் அது தவறு என்கிறார். அது இருக்கும்வரை தாம் பணியில் இருக்கப்போவதில்லை என்கிறார். இறுதியில் அந்த இயந்திரம் அழிக்கப்படுகிறது. பிறர் வாழ்வை ஒட்டுக்கேட்பது தகுமா என்று கேட்கத் தெரிந்த படம், ஒரு ரேகையைக் கொண்டு ஒருவனைக் குற்றவாளி எனக் கொள்வது தகுமா என்று கேட்க மறந்துவிட்டது. அதன் உண்மையான குறை இதுவே.

உள்ளத்தின் மறைவானவற்றைப் பற்றித் திருச்சபை தீர்ப்பிடுவதில்லை என்பது சபைச் சட்டத்தின் பழைய நெறி. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் குருவும், வந்தவர் வாய்திறந்து சொன்னால்தான் அறிகிறார். நம் பிள்ளைகள் இப்படங்களைப் பார்க்கட்டும், மகிழட்டும். படம் முடிந்தபின் அவர்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “அந்த ரேகை அவனுடையதுதான் என்றே வைத்துக்கொள்வோம், அவன் என்ன சொல்கிறான் என்று யாராவது கேட்டார்களா?” தெருவில் ஒரு திருட்டு நடந்து, யாரோ ஒருவரை நோக்கி எல்லா விரல்களும் நீளும் நாளில், இக்கேள்வி அவர்களுக்கு நினைவில் வரட்டும்.