என்ன குரல் இது, ஜாக்கி ஷேன்!

ஜாக்கி ஷேனின் ‘எனி அதர் வே’ பாட்டை ஒருமுறை போட்டால் ஒருமுறையோடு நிறுத்த என்னால் முடிந்ததே இல்லை. வில்லியம் பெல் எழுதிப் பாடிய பாட்டுதான். காதலில் தோற்ற மனசு, கலங்காததுபோல் காட்டிக்கொள்ளும் பாட்டு. பெல் பாடினால் பாவமாக இருக்கும். ஷேன் பாடினால் எழுந்து நிற்கத் தோன்றும். அப்படியொரு கம்பீரம்!

1940இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் பிறந்த கறுப்பினத் திருநங்கை அவர். நிறவெறி தலைவிரித்தாடிய தெற்கு மாநிலங்களை விட்டுக் கனடா போனார். டொராண்டோவின் யங் தெரு இசை விடுதிகள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடின. 1963இல் அந்த ஊர் வானொலியான சம்மின் தரவரிசையில் இந்தப் பாட்டு 2ஆம் இடம் வரை ஏறியது. எட் சல்லிவனின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து அழைப்பு வந்தது, ஒப்பனை இல்லாமல் வரவேண்டும் என்ற நிபந்தனையோடு. ஷேன் மறுத்துவிட்டார். எத்தனை பேருக்கு வரும் அந்தத் துணிச்சல்?

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது 1967இல் சஃபையர் டேவர்ன் என்ற விடுதியில் பதிவான நேரடி இசைத்தட்டுதான். ஒரே நேரத்தில் இரண்டு ட்ரம்பெட் ஊதும் ஃப்ராங்க் மாட்லியின் குழு பின்னால் முழங்குகிறது. ‘மணி’ பாட்டின் நடுவே ஷேன் பேச ஆரம்பிக்கிறார். தாளம் நிற்பதில்லை. தன்னைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று அவருக்குத் தெரியும். அடுத்தவரைத் தொந்தரவு செய்யாதவரை அவரவர் விருப்பப்படி வாழலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. உரிமைப் போராட்டம் என்றால் ஊர்வலமும் கொடியும்தானா? எனக்கு இந்தப் பேச்சைவிடப் பெரிய முழக்கம் வேண்டாம்.

1971இல் மேடையை விட்டார். பிற்பாடு தாயைக் கவனித்துக்கொண்டு ஒதுங்கி வாழ்ந்தார். செத்துப்போனார் என்றுகூட வதந்தி பரவியது. 2017இல் நியூமெரோ குழுமம் என்ற இசை நிறுவனம் அவர் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, தன் கதையைத் தானே சொன்னார். அந்தத் தொகுப்பு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருது விழா நடந்த அதே 2019 பிப்ரவரியில், 78 வயதில், நாஷ்வில்லில் காலமானார்.

1965இல் நாஷ்வில் தொலைக்காட்சியின் ‘நைட் ட்ரெய்ன்’ நிகழ்ச்சியில் அவர் ‘வாக்கிங் த டாக்’ பாடிய காட்சி இணையத்தில் கிடைக்கிறது. இன்றைக்கே பாருங்கள். பிறகு ‘மணி’யைக் கேளுங்கள். வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், கடைசிவரை கேளுங்கள்.