கொடுத்தும் கொடுக்காத கொடை

அமெரிக்காவின் சமூக அறக்கட்டளைகளைப் பற்றி யாராவது குறை சொன்னால் உடனே ஓர் எண் வந்து விழும்: 20 விழுக்காடு. அந்நாட்டு வரிச் சட்டப்படி, தனியார் அறக்கட்டளைகள் தம் சொத்தில் ஆண்டுக்கு 5 விழுக்காட்டைச் செலவிட்டாக வேண்டும். சமூக அறக்கட்டளைகளில் குவிந்துகிடக்கும் ‘நன்கொடையாளர் ஆலோசனை நிதி’களுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனாலும் அவை சராசரியாக 20 விழுக்காட்டுக்கு மேல் பட்டுவாடா செய்கின்றனவே, பிறகென்ன குறை என்கிறார்கள். கேட்டவர் வாயடைத்துப் போகிறார். அடைத்துப் போக வேண்டியதில்லை என்பது என் கட்சி.

சமூக அறக்கட்டளை நல்ல ஏற்பாடு, அதில் தகராறு இல்லை. 1914-இல் கிளீவ்லாந்து நகரத்து வங்கியாளர் ஃபிரெடரிக் ஹாரிஸ் காஃப் இதைத் தொடங்கினார். செத்துப்போன செல்வர்களின் உயில்கள், உலகமே மாறிய பிறகும் பணத்தைப் பழைய காரியங்களிலேயே கட்டிப்போட்டிருப்பது அவரை உறுத்தியது. பணத்தை முதலீடு செய்து காக்கும் வேலை வங்கிக்கு. யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு ஐவர் குழுவுக்கு. அந்த ஐவரில் ஒருவரை மேயரும் இருவரை நீதிபதிகளும் நியமித்தார்கள். வங்கிக்கு இரண்டே இடம். கையில் பெரிய பணம் சேருமுன்பே அந்த அறக்கட்டளை நகரத்துப் பள்ளிகளையும் குற்றவியல் நீதிமன்றங்களையும் ஆராய்ந்து, உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்குப் பிடிக்காத அறிக்கைகளை வெளியிட்டது. நூறாண்டு கழித்தும் அந்த மரபு அறுந்துவிடவில்லை. 2009-இல் கிளீவ்லாந்தின் ஏழைப் பகுதிகளில், மருத்துவமனைத் துணிகளை வெளுத்துத் தரும் தொழிலாளர் கூட்டுறவு ஒன்று எழுந்ததில் அந்த அறக்கட்டளைக்குப் பங்குண்டு. ஃபிளின்ட் நகரத்துக் குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்தபோது, பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென 2016-இல் நிதி தொடங்கியதும் அந்த ஊர்ச் சமூக அறக்கட்டளைதான்.

இதெல்லாம் சரி. ஆனால் இன்று இந்த நிறுவனங்களின் பணப்பெட்டியை நிரப்பும் வழி வேறு. 1931-இல் நியூயார்க்கில் ஓர் ஓரத்து ஏற்பாடாக முளைத்த ஆலோசனை நிதிகளில், நாடு முழுவதும் 2023-இல் ஏறத்தாழ 25,000 கோடி டாலர் சேர்ந்திருந்தது. பங்கை இன்று கொடுத்தால் அதன் முழுச் சந்தை விலைக்கும், வருமானத்தில் 30 விழுக்காடு வரை, இன்றே வரிக் கழிவு. மூலதன ஆதாய வரி அறவே கிடையாது. பணம் எந்த ஏழைக்கு, எந்தப் பள்ளிக்கு, எந்த ஆண்டில் போகும் என்பதைப் பிறகு நிதானமாகச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். சட்டப்படி அது அறக்கட்டளையின் சொத்து, நன்கொடையாளர் ஆலோசனை மட்டுமே சொல்வார். நடைமுறையில் அந்த ஆலோசனையை மறுப்பது அபூர்வம். கோயில் உண்டியலில் போட்டதாகச் சீட்டு வாங்கிக்கொண்டு, உண்டியல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீடு திரும்புவது போன்ற கொடை இது.

இப்போது அந்த 20 விழுக்காட்டுக்கு வருவோம். சராசரி என்பது ஒளிந்துகொள்ள வசதியான இடம். ஒருவர் ஆண்டுதோறும் தன் கணக்கைத் துடைத்துக் கொடுத்துவிடுகிறார். இன்னொருவர் பத்தாண்டுகளாக ஒரு டாலரைக்கூட அசைக்கவில்லை. இரண்டையும் கூட்டி வகுத்தால் கண்ணியமான ஓர் எண் கிடைத்துவிடும். எந்தக் கணக்கு தூங்குகிறது என்று வெளியார் பார்க்க வழியில்லை. அறக்கட்டளை வருமான வரித் துறைக்குத் தரும் படிவத்தில் எல்லாக் கணக்குகளும் ஒரே மொத்தமாகத்தான் இருக்கும். ஓர் ஆலோசனை நிதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய தொகையும் பட்டுவாடாக் கணக்கில் ஏறிவிடுகிறது. இதைவிட வேடிக்கை, தனியார் அறக்கட்டளை ஒன்று தன் கட்டாய 5 விழுக்காட்டை இப்படி ஒரு கணக்கில் போட்டுவிட்டு, செலவழித்துவிட்டேன் என்று கணக்குக் காட்ட முடியும். பணம் அறையிலிருந்து அறைக்கு நடந்ததே தவிர, வாசலைத் தாண்டவில்லை.

இவ்வளவையும் விட்டுவிடலாம். சராசரி நேர்மையானது என்றே வைத்துக்கொண்டாலும் அது பதில் சொல்வது வேறொரு கேள்விக்கு. எவ்வளவு வேகமாகக் கொடுக்கிறார்கள் என்பது இரண்டாம்பட்சம். யார் முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் காஃப் செய்த கண்டுபிடிப்பின் உயிர். பணக்காரர் பணத்தைத் தர வேண்டும், ஊர் அதன் போக்கைத் தீர்மானிக்க வேண்டும். ஆலோசனை நிதி அந்தத் தீர்மானத்தைச் சத்தமில்லாமல் கொடுத்தவர் கைக்கே திருப்பிவிட்டது. செத்தவர்களின் பிடியிலிருந்து பணத்தை விடுவிக்க எழுந்த நிறுவனம், உயிரோடு இருப்பவர்களின் பிடிக்கு வாடகை இடமாகிவிட்டது.

சிலிக்கான் பள்ளத்தாக்கு சமூக அறக்கட்டளையைப் பாருங்கள். சான் மத்தேயோ, சான்டா கிளாரா ஆகிய இரண்டு மாவட்டங்களுக்கென 2007-இல் இரு அமைப்புகளை இணைத்து உருவானது. மார்க் சக்கர்பெர்க் 2012-இல் சுமார் 50 கோடி டாலர், அடுத்த ஆண்டு சுமார் 99 கோடி டாலர் மதிப்புள்ள பேஸ்புக் பங்குகளை அதற்குக் கொடுத்தார். 2017-இல் அதன் சொத்து 1,350 கோடி டாலர். அந்தப் பணத்தின் பெரும்பகுதி போகும் திசையை ஊர் சொல்வதில்லை. கணக்கு வைத்திருப்பவர் கை காட்டும் மாநிலத்துக்கும் நாட்டுக்கும் அது போகும். அதே பள்ளத்தாக்கில் வாடகை கட்ட முடியாத தொழிலாளிகள் சாலையோரத்தில் வண்டிகளுக்குள் குடும்பம் நடத்துகிறார்கள். நாட்டிலேயே பெரிய சமூக அறக்கட்டளை என்று பெயர் வாங்கினாலும், அந்தச் சாலையோரத்துக்கு அது எவ்வளவு தர முடியும் என்பதைத் தீர்மானிப்பது அது தன் விருப்பப்படி செலவிடக்கூடிய சொந்த நிதி மட்டுமே. மொத்தச் சொத்தில் அது சிறு துண்டு. 2018-இல் ஊழியர்களின் புகார்களும், வெளியார் விசாரணையும், தலைமை நிர்வாகியின் வெளியேற்றமும் செய்தியாயின. பலர் அதைத் தனிமனிதர்களின் கோளாறாகப் படித்தார்கள். எவ்வளவு சேர்த்தோம் என்பதையே வெற்றி என்று எண்ணும் இடத்தில் வேறென்ன விளையும் என்று எனக்குத் தோன்றியது.

சேர்ப்பதில் அவர்களுக்கு ஆதாயமும் உண்டு. கணக்கில் கிடக்கும் தொகையில் ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று நிர்வாகக் கட்டணம் எடுக்கிறார்கள். பணம் ஏழைக்குப் போனால் கட்டணம் குறையும், தூங்கினால் வளரும். 1991-இல் ஃபிடெலிட்டி முதலீட்டு நிறுவனம் இதே கணக்குகளைத் தன் அறப்பிரிவின் வழியே திறந்துவிட்டதே, நாங்கள் மறுத்தால் செல்வர்கள் அங்கே போய்விடுவார்களே என்று அறக்கட்டளைக்காரர்கள் கேட்கிறார்கள். போகட்டும். முதலீட்டு நிறுவனம் செய்யும் வேலையை அதே விதத்தில் செய்வதற்குச் ‘சமூக’ என்ற பெயர்ப்பலகை எதற்கு?

2021-இல் அமெரிக்க செனட்டில் ஒரு மசோதா வந்தது. 15 ஆண்டுக்குள் பணத்தைக் கொடுத்து முடித்தால்தான் உடனடி வரிக் கழிவின் முழுப் பயன் என்பது அதன் சாரம். சமூக அறக்கட்டளைகளுக்குத் தனிச் சலுகையும் இருந்தது: ஒரு நன்கொடையாளருக்குப் பத்து லட்சம் டாலர் வரை இந்தக் கெடு கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியையும் கடைத்தெரு வியாபாரியும் தொடங்கும் கணக்குகளை அந்த வரம்பு முழுசாகக் காப்பாற்றியிருக்கும். அப்படியிருந்தும் அறக்கட்டளைகளின் சங்கங்கள் எதிர்த்தன, மசோதா சட்டமாகவில்லை. எதிர்ப்பு, பத்து லட்சத்துக்கு மேலே இருப்பவர்களுக்காகத்தான் எழுந்திருக்க வேண்டும்.