கேட்பது வேறு, இரப்பது வேறு

பெரியோர் கடிதங்களை நாம் இருவகையாகப் படிக்கின்றோம். உபதேசம் தேடிப் படிப்பது ஒன்று. அந்தரங்கம் தேடிப் படிப்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் சேராத காரியக் கடிதங்களும் உண்டு. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, வேலை எதுவரை நடந்தது என்பனவே அவற்றின் பேச்சு. தோட்ட ஆபீசில் நாள்தோறும் அத்தகைய கடிதங்களையே எழுதிவரும் எனக்கு, ஒரு மனிதனின் குணம் அவற்றில்தான் ஒளிவின்றி வெளிப்படும் என்பது அநுபவம்.

1982-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து நேப்பிள்ஸ் நகரில், கிறிஸ்டியானே குரோபென் பதிப்பித்து வெளிவந்த டார்வின் - டோர்ன் கடிதத் தொகுதி இதற்கு நல்ல சான்றாகும். டார்வின் பெயருக்காகவே பலர் அதைக் கையிலெடுப்பர். ஆயினும் அதன் உண்மைக் கதாநாயகர், அவருக்கு எழுதிய ஆன்டன் டோர்ன் (1840-1909) என்பது என் துணிபு.

டோர்ன் ஜெர்மானியர்; பிராணி சாஸ்திரி. கடல்வாழ் உயிர்களைக் கடற்கரையிலேயே வைத்து ஆராய ஒரு நிலையம் வேண்டுமென எண்ணினார். நேப்பிள்ஸ் நகரசபை கடலோரப் பூங்காவில் இடமளித்தது. 1872-இல் கட்டடவேலை தொடங்கிற்று. 1874-இன் தொடக்கத்தில் கீழ்த்தளத்து மீன்காட்சிசாலை பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. வேடிக்கை பார்ப்போர் தரும் கட்டணத்தைக் கொண்டு மேலே ஆராய்ச்சி நடத்தலாம் என்பது அவர் போட்ட கணக்கு. அக்கணக்குப் பொய்த்தது. தம் சொந்தப் பொருளைப் பெரிதும் செலவிட்டும் பணமுடை தீரவில்லை. அவ்வாண்டிலேயே இங்கிலாந்து விஞ்ஞானிகள் அவருக்காக நிதி திரட்டினர். டார்வினும் அவர்தம் மைந்தரும் பொருளுதவினர்.

நன்கொடையால் நெடுநாள் வாழ முடியாதென்பதை டோர்ன் அறிந்திருந்தார். ஆதலால் 'மேஜை' முறையை ஏற்படுத்தினார். ஓர் அரசாங்கமோ சர்வகலாசாலையோ ஆண்டுக்கொரு தொகை செலுத்தினால், அது அனுப்பும் ஆராய்ச்சியாளருக்கு ஒரு மேஜையும், கடல்நீரும், வேண்டிய பிராணிகளும், புத்தகசாலையும் கிடைக்கும். இன்னதைத்தான் ஆராய வேண்டுமென்ற நிர்ப்பந்தம் இல்லை. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையும் அவ்வாறு மேஜை வாங்கியது. தருமம் செய்யுங்கள் என்னாமல், கொடுத்த பணத்திற்கு ஈடாக இதைத் தருவேன் என்று சொல்லிக் கேட்டவர் அவர்.

இனி அக்கடிதங்களின் பின்னணியிலுள்ள ஒரு நிகழ்ச்சியைக் கவனிக்க. முதுகெலும்புள்ள உயிர்களின் மூதாதையர், கடற்பாறைகளில் ஒட்டிவாழும் பை போன்ற அசிடியன்களை ஒத்தவை என்ற கொள்கையை, 1871-இல் வெளியிட்ட நூலில் டார்வின் ஆதரித்திருந்தார். அவரிடம் உதவி பெற்ற மறு ஆண்டே, அதாவது 1875-இல், டோர்ன் அதை மறுத்து நூலெழுதினார். வளையப் புழுக்களே மூதாதை என்றார். பொருள் தந்தவர் கோபித்தாரா? இல்லை. டூரின் நகர விஞ்ஞான சபை தமக்குப் பரிசளித்தபோது, நிலையத்துக்குக் கருவி வாங்க 100 பவுன் தருவதாக 1880-இல் டார்வினே முன்வந்து எழுதினார். டோர்னின் அக்கொள்கை பிற்கால ஆராய்ச்சியில் நிலைக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும், வாங்கிய பணத்துக்காகத் தம் அபிப்பிராயத்தை விற்காதவர் அவர். கொடுத்த பணத்துக்காகப் பிறர் அபிப்பிராயத்தை விலைக்குக் கேளாதவர் டார்வின். இருவரின் சுயமரியாதையையும் இங்கே காண்கின்றோம்.

குறையும் கூற வேண்டும். படித்த கனவான்கள் இருவரின் கடிதங்களை மட்டும் கொண்டு நிலையத்தின் முழு வரலாற்றையும் அறிய முடியாது. 1874-இல் 14 வயதுச் சிறுவனாக அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் சால்வதோரே லோ பியாங்கோ. கடற்பிராணிகளை உருக்குலையாமல் பதப்படுத்துவதில் அவர் ஈடற்றவரானார். தம் முறைகளை 1890-இல் வெளியிட்டார். அவர்போன்று கையால் உழைத்தவர்களின் வரலாற்றையும் சேர்த்துப் படித்தாலன்றி, இத்தொகுதி தரும் சித்திரம் பாதியே.

படிப்பகமும் இரவுப் பள்ளியும் தொடங்கி, ரசீதுப் புத்தகத்துடன் செல்வர் வாசலில் நிற்கும் தோழர்கள் இக்கடிதங்களைப் படிக்க வேண்டும். அறிவுக்காகக் கேட்பது இழிவன்று. ஆனால் கொடுப்பவர்க்கு நாம் எதைத் திருப்பித் தருவோமென்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கணக்குக் காட்ட வேண்டும். அவர் முகத்துக்காக நம் கொள்கையை மாற்றலாகாது. இம்மூன்றும் இல்லையேல், நம் கையிலிருப்பது ரசீதுப் புத்தகமன்று, திருவோடே.