சாகிப்பின் கண் எங்கே இருந்தது?

ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ கதையை என் நண்பர்கள் தர்மத்தின் கதையாகவே படிக்கிறார்கள். எனக்கு அது பரிமாறுவதைப் பற்றிய கதை. திருவனந்தபுரத்தில் சாப்பாட்டுக்கடை நடத்தும் கெத்தேல் சாகிப் சிரித்து வரவேற்கிற ஆளில்லை. போதும் என்றால் அதட்டுவார். ஆனால் அவர் கண் இலையில்தான்; காசு போடும் பெட்டியில் இல்லை. கையில் காசில்லாத மாணவனுக்கும் அதே மீன், அதே கோழி. பல வருடம் கழித்து அவன் பெட்டி நிறையப் பணம் போடும்போதும் அவர் முகம் மாறுவதில்லை. உபசரிப்பு என்றால் இதுதான்; சிரிப்பெல்லாம் அப்புறம்.

ஆனால் கதை தொடாத இடம் ஒன்று உண்டு. சாகிப் முதலாளி. அள்ளிக் கொடுக்க அவருக்கு உரிமை இருக்கிறது. நம்ம ஊர் ஹோட்டலில், கடைசி வாய் இறங்குவதற்குள் “வேற என்ன சார்?” என்று பில்லை வைக்கிற அண்ணனுக்கு அது இல்லை. அடுத்த ஆளுக்கு டேபிள் காலியாகணும். கல்லாவில் இருக்கிறவர் பார்த்துக்கிட்டே இருக்கார். அண்ணன் முகத்தில் தெரிகிற கடுகடுப்பு பெரும்பாலும் கல்லாவுடையது.

‘சர்வீஸ் மோசம்’ என்று எழுதி ஒரே ஒரு ஸ்டார் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். அது யார் தலையில் விழுந்திருக்கும் என்று இந்தக் கதையைத் திரும்பப் படித்தபோதுதான் யோசித்தேன்.