பூட்டில்லாத தடுப்பு

சிறிய ஆடிட்டர் அலுவலகங்களில் மேசைக் கணினி பலருக்கும் பொதுவானது. காலையில் ஒருவர், பிற்பகலில் ஒருவர், ஜிஎஸ்டி ரிட்டர்ன் நெருங்கினால் பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர். விண்டோஸில் நுழைய எல்லோருக்கும் ஒரே கணக்கு. அதற்குக் கடவுச்சொல் என்று ஒன்று இருந்தால், மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய தாளிலேயே அதுவும் இருக்கும். அந்த ஒரே கணக்குக்குள் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் நிரலை நிறுவி, ஆளுக்கொரு புரொஃபைல் போட்டுக்கொடுத்து, "இனிமே அவங்கவங்க மெயில் அவங்கவங்களுக்குத்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார் சர்வீஸ் ஆள். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் பேசிவிடுவதுதான் நியாயம்.

புரொஃபைல் என்பது ஒருவருடைய அஞ்சல் சங்கதிகள் முழுவதையும் தனியே வைத்திருக்கும் ஒரு ஃபோல்டர். கணக்கு விவரம், முகவரிப் புத்தகம், அஞ்சல்களைப் பிரித்துப்போடும் விதிகள், கையொப்பம், இறக்கி வைத்த கடிதங்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். ஆளுக்கொன்று வைக்காமல் மூவரின் கணக்குகளையும் ஒரே புரொஃபைலில் அடுக்கினால் என்ன ஆகும் என்பது, அப்படி அடுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் எழுதும் பதில் இன்னொருவர் முகவரியிலிருந்து போகும். ஒருவர் சேர்த்த முகவரிகள் மற்றவர் தட்டச்சு செய்யும்போது முந்திக்கொண்டு வந்து நிற்கும். வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய ஐடிஆர் நகல் அதே பெயர்கொண்ட மைத்துனருக்குப் போய்ச் சேரும். குப்பை அஞ்சலைக் கண்டுபிடிக்கும் வசதியும் பயனர் எதைக் குப்பை என்று குறிக்கிறாரோ அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான். வங்கிக் கடன் விளம்பரம் ஒருவருக்குத் தொல்லை, கடன் கோப்பு தயாரிப்பவருக்கு அது பிழைப்பு. இருவரும் ஒரே புரொஃபைலில் பழக்கினால் அது எதையும் உருப்படியாகக் கற்காது.

கணினியை மாற்றும்போதுதான் இந்த முறையின் அருமை தெரியும். ஃபோல்டரை அப்படியே புதிய கணினிக்குக் கொண்டுபோனால் பல வருடக் கடிதங்களும் அமைப்புகளும் கூடவே வந்துவிடும். ஒருவருடைய புரொஃபைல் கெட்டுப்போனால் மற்றவர் வேலை நிற்காது. இத்தனையும் காசில்லாமல் கிடைக்கிறது. ஒழுங்கு என்ற அளவில் இதைவிடச் சிறப்பாக ஒன்றைச் செய்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் "அவங்கவங்களுக்குத்தான்" என்ற சொல்லில் ஒழுங்கைத் தாண்டிய ஒரு வாக்குறுதி இருக்கிறது. அதை இந்த முறை காப்பாற்றுவதில்லை. நிரலைத் திறக்கும்போது பெயர்ப் பட்டியல் வருகிறது. எந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் சொடுக்கலாம். ஒரே அறையில் குறுக்கே புடவை கட்டிக் குடித்தனம் பிரித்த மாதிரி. பார்வை மறையும், கை போவதைத் தடுக்காது.

"முதன்மைக் கடவுச்சொல் வைத்திருக்கிறோமே" என்று சிலர் சொல்வார்கள். அது பூட்டுவது சேமித்து வைத்த சர்வர் கடவுச்சொற்களை மட்டுமே. கேட்கும் பெட்டியில் 'கேன்சல்' அழுத்தினால் புதிய அஞ்சல் வராது, அவ்வளவுதான். ஏற்கெனவே இறங்கிய கடிதங்கள் கண்முன் விரிந்தே கிடக்கும். அதையும் வைக்காத கணினியில் நிலைமை இன்னும் மோசம். செட்டிங்ஸ் பகுதிக்குள் போய்க் கேட்டால், பல பதிப்புகளில் சேமித்த கடவுச்சொற்களை எழுத்தெழுத்தாகவே காட்டிவிடும். தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லோடு நுழையும் பழைய முறையை 2022 மே மாத இறுதியில் கூகுள் நிறுத்தியதால் இந்த ஆபத்து கொஞ்சம் குறைந்தது. இப்போது சேமிக்கப்படுவது பெரும்பாலும் ஓர் அனுமதிச் சீட்டு. கடவுச்சொல் வெளிப்படாது என்றாலும் அந்தச் சீட்டு அஞ்சல்பெட்டியைத் திறந்துவிடும்.

நிரலைத் திறக்கவே வேண்டாம் என்பது அடுத்த சங்கதி. தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் கடிதங்களை எல்லாம் ஒரே உரைக் கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைக்கிறது. நோட்பேடில் திறந்தால் ஆங்கிலக் கடிதங்களைப் படித்துவிடலாம். தமிழ்க் கடிதங்கள் பெரும்பாலும் பேஸ்64 குறியாக்கத்தில் வருவதால் புரியாத எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழில் எழுதியவருக்குக் கிடைக்கும் தற்செயலான பாதுகாப்பு அது. அதே கோப்பை இன்னொரு புரொஃபைலுக்குள் போட்டால் அதுவும் போய்விடும். அழித்த கடிதம் அந்தக் கோப்பிலிருந்து உடனே மறைவதில்லை. 'காம்பாக்ட்' செய்யும்வரை உள்ளேயே இருக்கும்.

இதைத் தண்டர்பேர்டின் குறை என்று மட்டும் சொல்வது சரியில்லை. நிரலுக்குள்ளேயே ஆட்களைப் பிரிக்கும் வழக்கம், அதைச் செய்ய வேறு இடம் இல்லாத காலத்தில் உருவானது. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் நுழைவுப் பெட்டி வந்தால் எஸ்கேப் விசையைத் தட்டி உள்ளே போய்விடலாம். கணினி பிரித்துக் கொடுக்காததை நிரல்கள் பிரித்துக் கொடுத்தன. நெட்ஸ்கேப் அப்போதே புரொஃபைல் வைத்திருந்தது. நெட்ஸ்கேப் வழியில் வந்த தண்டர்பேர்டுக்கு அது பரம்பரைச் சொத்து. 1999-இல் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் 5, 'ஐடென்டிட்டி' என்ற பெயரில் இதையே செய்தது. கடவுச்சொல் வைக்கவும் இடம் கொடுத்தது. அந்தக் கடவுச்சொல் மெனுவைக் காத்ததே தவிர அஞ்சல் கோப்பைக் காக்கவில்லை. 2001-இல் வந்த எக்ஸ்பி, வீட்டுக் கணினிக்கும் தனித்தனிப் பயனர் கணக்குகளைத் தந்த பிறகு, விஸ்டாவில் வந்த விண்டோஸ் மெயில் ஐடென்டிட்டி வசதியையே எடுத்துவிட்டது. பயனர்கள் முணுமுணுத்தாலும் மைக்ரோசாஃப்ட் அன்று எடுத்த முடிவு சரியானது என்பேன். ஆட்களைப் பிரிப்பது இயங்குதளத்தின் வேலை.

அப்படியானால் ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு வைத்துவிட்டால் தீர்ந்ததா? ஓரளவு தீரும். ஒவ்வொருவர் கணக்கும் நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக இருந்தால், ஒருவர் ஃபோல்டருக்குள் மற்றவர் நுழைய முடியாது. ஆனால் அலுவலகங்கள் இதைத் தவிர்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. நினைவகம் குறைந்த பழைய கணினியில் இருவர் கணக்கும் ஒருசேரத் திறந்திருந்தால் ஊர்ந்துதான் போகும். ஸ்கேன் செய்த தாள் ஒருவர் ஃபோல்டரில், அதை அனுப்ப வேண்டியவர் இன்னொரு கணக்கில். வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வெளியேறி நுழைந்துகொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. சோம்பேறித்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று: யாருக்காகப் பிரிக்கிறோம் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. சிறு அலுவலகங்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பகுதி நபருக்கு வருவதல்ல, நாற்காலிக்கு வருவது. அலுவலகத்தின் பொது முகவரியை மூன்று புரொஃபைலிலும், அஞ்சலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையில், சர்வரில் நகல் விடாதபடி அமைத்தால், முதலில் திறப்பவர் கடிதத்தை இறக்கிக்கொள்வார். மற்ற இருவருக்கும் அது வந்ததே தெரியாது. சர்வரில் நகல் விடச் சொன்னால் மூவருக்கும் வரும், ஆனால் பதில் அனுப்பியவர் யார் என்பது அனுப்பியவர் புரொஃபைலில் மட்டுமே இருக்கும். ஒரே நோட்டீஸுக்கு இரண்டு பதில் போவதும், ஒன்றுமே போகாமல் கெடு தாண்டுவதும் இங்கிருந்துதான் பிறக்கின்றன. இங்கே புரொஃபைல் பிரிவினை உதவாதது மட்டுமல்ல, கெடுதலே செய்கிறது.

பொது முகவரிக்கு ஏற்றது ஐமேப். ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் 1986-இல் உருவாக்கிய முறை அது. கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும், அனுப்பிய கடிதங்களையும் அங்கேயே வைக்கலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் திறந்து பார்த்தாலே எல்லோருக்கும் 'படித்தது' ஆகிவிடும். யாரோ கவனித்துவிட்டார்கள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொள்வார்கள். பதில் அனுப்பி முடிந்த கடிதத்தைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்தும் வழக்கம் இருந்தால்தான் இது தப்பும். அந்த வழக்கத்தை எந்த மென்பொருளும் நிறுவித் தராது.

ஆகவே, சொந்தக் கடிதம் பார்க்கும் ஆட்களைப் பிரிக்க விண்டோஸ் கணக்கு, பொது முகவரிக்கு ஐமேப் என்பதே என் கட்சி. புரொஃபைலுக்கு உரிய இடம் ஒருவரே இரண்டு தொழில் பார்க்கும் கணினி. அங்கே பூட்டு தேவையில்லை, பிரிவினை மட்டும் போதும்.

இவை எதுவும் வேண்டாம், பழையபடியே இருக்கட்டும் என்பவர்கள், பயிற்சி மாணவர் வேலையை விட்டுப் போகும் நாளையாவது கவனிக்க வேண்டும். புரொஃபைலை நீக்கச் சொன்னால் தண்டர்பேர்ட் இரண்டு வழி காட்டும்: கோப்புகளையும் அழிப்பது, கோப்புகளை விட்டுவைத்துப் பட்டியலிலிருந்து பெயரை மட்டும் எடுப்பது. எதற்கு வம்பு என்று பலரும் இரண்டாவதை அழுத்துகிறார்கள். பெயர் மறைந்ததும் எல்லாம் போய்விட்டதாக நினைப்பு. வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் அந்த ஃபோல்டரில் அப்படியே இருக்கும், கணினியைப் பழைய விலைக்குத் தள்ளிவிடும்போதும்.